தண்ணீர் தொடாத வேட்டிகள்

ஷீலா வருவது கண்ணுக்குத் தெரியும் முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். பூச்சி வராமல் துணிக்குள் போடுகிற பாச்சா உருண்டை வாசனை. அனகாபுத்தூரில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற எங்கள் சந்தில் பிள்ளைகள் அவளை 'உருண்டை அத்தை' என்றுதான் கூப்பிடும். பூச்சி மட்டுமில்லை, மாப்பிள்ளையும் உன் பக்கத்தில் வராததற்கு அந்த உருண்டைதான் காரணம் என்று நானே ஒருநாள் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

நான் எதிர் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டரைப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தால் அவள் வீட்டுக் கூடம் முழுக்கத் தெரியும். தெரியாததை அவளே வந்து சொல்லிவிடுவாள். அதனால் இந்தக் கதையில் நான் இட்டுக்கட்டியது எதுவும் இல்லை.

ஷீலாவுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா ஞானையா போனபோது தம்பி ஜெபகுமார் பள்ளிக்கூடப் பையன். அவனை ஆளாக்க வேண்டும் என்று சானடோரியம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வருகிற சட்டைகளில் கறை, ஓட்டை, பிரிந்த தையல் எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. எண்ணெய்க் கறைக்கும் மைக்கறைக்கும் துருவுக்கும் வித்தியாசம் அவளுக்கு ஒரு பார்வையில் தெரியும். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் தம்பி படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பினாள். தம்பி படிப்பு முடிந்தபோது வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

அப்புறம் அந்த 2015 வெள்ளம். ஆறு எங்கள் சந்துக்குள் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் அவள் வீட்டில் மெத்தை, பீரோ, பைபிள், அம்மாவின் ஒரே போட்டோ எல்லாம் சேறு. லாஃப்ட் மேலே ஏற்றி வைத்திருந்த ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் தப்பியது. அதற்குள் ஞானையா கோவிலுக்குக் கட்டிப்போகும் வேட்டிகளும், அம்மாவின் மெல்லிய 'வாயில்' துணிப் புடவை ஒன்றும் இருந்தன. அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதவள், அதற்குப் பிறகு ஈரம் என்றாலே பயப்பட ஆரம்பித்தாள். வீட்டில் இருக்கிற துணி எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் போனது. கவருக்குக் கவர் கைநிறையப் பாச்சா உருண்டை. வாயை இறுக்கிக் கட்டி லாஃப்ட் மேலே ஏற்றிவிடுவாள். எங்கள் சந்தில் வெள்ளத்துக்குப் பயப்படாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் பயத்துக்கு ஒரு வாசனை உண்டு என்றால் அது ஷீலா வீட்டிலிருந்துதான் வந்தது.

"பூசணம் புடிச்ச வாசனை வந்தா எனுக்கு அந்த ரெண்டு நாளு ஞாபகம் வந்துடும்க்கா. இந்த வாசனை இருந்தாதான் வூடு சுத்தமா கீதுன்னு தூக்கம் வருது" என்பாள்.

ஜெபகுமாருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, போன ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. மனைவி ஜெரூஷா கூடுவாஞ்சேரிப் பெண், பேங்க்கில் வேலை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்த படுக்கையாக இருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை நேராக அனகாபுத்தூருக்கே வந்தது. ஷீலா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். குழந்தைக்கு ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே 'சின்ன ஞானையா' என்று பேரும் வைத்துவிட்டாள். அந்த ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவளே அவள்தானோ என்று தோன்றும்.

எங்கள் ஊருக்கு மேலேதான் விமானம் இறங்கும். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருப்பதால் ஓட்டுக்கு மேல் உரசிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஜன்னல் கம்பி அதிரும், அலமாரியில் டம்ளர் நகரும். புதிதாகக் குடிவருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது காதிலேயே விழாது. குழந்தை வந்த முதல் நாள் ஒரு விமானம் போனதும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு வீல் என்று கத்தியது. "புதுசு இல்லையா, ஒரு வருஷத்துல பழகிடும்" என்றேன். ஒவ்வொரு விமானத்துக்கும் அது தூக்கிப்போடும். ஷீலா ஓடிப்போய் அதன் நெஞ்சில் கைவைத்து அழுத்திக்கொள்வாள். ஜெரூஷாவை விட அவள்தான் முதலில் ஓடுவாள்.

வந்த அன்றே தகராறு ஆரம்பித்தது. ஜெரூஷா டயப்பர் பாக்கெட்டுகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். ஷீலாவுக்கு அது பிடிக்கவில்லை.

"பச்சப் புள்ளைக்குப் பிளாஸ்டிக்கைக் கட்டி வெக்கிறியேம்மா. காத்துப் போவ வேணாமா?"

"மழைல துணி எப்படி அண்ணி காயும்? நைட்டெல்லாம் மாத்திட்டே இருக்கணும். எனக்கு ஸ்டிச்சஸ் வேற வலிக்குது."

"நீ எதுக்கு மாத்தற? நான் எதுக்கு இருக்கேன்?"

ஜெபகுமார் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம். ஜெரூஷா கெட்டிக்காரி, சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. போனில் படித்துப் படித்து, துணியிலேயே பட்டன் வைத்துத் தைத்த டயப்பர் விற்கிறார்கள், அதை வரவழைக்கலாமா என்று யோசித்தாள். ஷீலா தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் மல்லு வேட்டி இருக்கும்போது யாராவது துணியைக் கடையில் வாங்குவார்களா? அதுவும் புதுத்துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். மாதாகோவில், மாரியம்மன் கோவில் என்கிற பேதமெல்லாம் இதில் கிடையாது. நல்லபடியாக வாழ்ந்தவர் உடுத்திய பழைய துணியைத்தான் முதலில் போட வேண்டும். அவர் குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பார்கள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ குழந்தையின் இடுப்பில் சிவப்பாகத் தடித்துவிட்டது. டயப்பர் ஓரம் பட்ட இடத்தில் எல்லாம் தடிப்பு. குழந்தை கதறியது. ஜெரூஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை வேறு பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். "இதுக்கு ஒரு பஞ்சாயத்தா? துணியே போடு, எங்க புள்ளைங்க எல்லாம் துணியிலதான் வளந்துச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாவு வழிக்கப் போய்விட்டேன்.

ஷீலா ஸ்டூலைப் போட்டு லாஃப்ட்டில் ஏறினாள். அந்த டிரங்குப் பெட்டித் துணிகள் இருந்த கவரை இறக்கினாள். அவள் முடிச்சை அவிழ்த்ததும் அந்த வாசனை சந்தைத் தாண்டி என் வாசல் வரைக்கும் வந்தது. ஞானையாவின் வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்தாள். அம்மாவின் புடவையை உத்தரத்தில் கட்டித் தூளி ஆக்கினாள். கிழிக்கும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணி, ஒரு தடவை அலசிப் போட்டுடலாமே. ஸ்மெல் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. எனக்கே தலை வலிக்குது" என்றாள் ஜெரூஷா.

"தொவைச்சு இஸ்திரி போட்டு வெச்ச துணிம்மா இது. வெள்ளத்துல தண்ணி தொடாத துணி. இந்த மழையில நனைச்சா என்னிக்குக் காயும்? போர் தண்ணியும் கலங்கலா வருது. வாசனை இருந்தா நல்லதுதான், எறும்புகூட கிட்ட வராது."

வெளியே வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. வெயில் என்ற ஒன்றைப் பார்த்து நாளாகியிருந்தது. ஜெரூஷா குழந்தையின் தடிப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். அதோடு முடிந்தது. அத்தனை நாள் அடித்துக்கொண்ட விஷயம் ஒரு தலையாட்டலில் முடிவானது.

துணி போட்டதும் தடிப்பு இரண்டே நாளில் வாடிவிட்டது. ஷீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் குழந்தைக்கு உடம்பு முழுக்கத் தேங்காயெண்ணெய் தடவி, நீவிவிட்டு, வெந்நீர் ஊற்றி, வேட்டித் துணியில் சுற்றித் தூளியில் போடுவாள். நனைந்த துணிகளைத் துவைத்து, ஃபேன் காற்றில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் மீதி ஈரத்தை எடுத்து, மழை நாற்றம் ஏறக்கூடாது என்று மறுபடியும் அதே உருண்டைக் கவருக்குள்ளேயே போட்டு மூடிவைப்பாள். பூச்சி வராமல் இருக்கத் தூளிக்குள் மடித்துப் போட்ட துணிக்கு அடியில் ஓர் உருண்டையையும் வைத்தாள். எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்கத்தான் நடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே குழந்தைக்கு லேசாக மஞ்சள் இருந்தது. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், அதிகமானால் உடனே கூட்டிவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று சந்தில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வெயில் எங்கே இருக்கிறது காட்டுவதற்கு? இருட்டுக் கூடத்தில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் யாருக்கு எந்த நிறம் தெரியும்? "சந்தனக் கட்டை கணக்கா கீறான்" என்று ஷீலா கொஞ்சினாள். பால் குடிப்பது குறைந்தது. தூங்கிக்கொண்டே இருந்தான். "சமத்துப் புள்ளை, அம்மாவைத் தொல்லை பண்றதில்ல" என்று ஜெபகுமார் பெருமைப்பட்டான்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. பிள்ளை இருக்கிற வீடு அப்படி இருக்காது. அழுதாலும் ஏதோ கம்பியை இழுத்த மாதிரி ஒரே சுருதியில் கிறீச்சென்று அழுதான். ஆனால் நானும் சொல்லவில்லை. நல்ல வீட்டில் கெட்ட வார்த்தை பேசுவானேன் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் தூறலில் நனைந்தபடி ஷீலா என் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு வேட்டித் துணி.

"அக்கா, இது இன்னா கறைன்னு பாரு."

"டீயைக் கொட்டிட்டியா?" என்றேன்.

"குழந்தை போன ஒண்ணுக்குக்கா."

வெள்ளை மல்லுத் துணியில் பால் விடாத டீயைக் கொட்டின மாதிரி பழுப்பு வட்டம். ஷீலா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், கம்பெனியில் சட்டையைப் பிடிக்கிற மாதிரி. "பால் கறை இல்ல, எண்ணெ இல்ல. துரு இல்ல. இருவத்தஞ்சு வருஷத்துல இப்டி ஒண்ணைப் பாத்ததே இல்ல" என்றாள்.

நான் குழந்தையை வாசலுக்குத் தூக்கிவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். உதடு வெளுத்து, காகிதம் மாதிரி இருந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தான். ஜெரூஷா என் முகத்தைப் பார்த்தாள். செருப்பைத் தேடினாள்.

சந்து முனையில் முழங்கால் தண்ணீர். ஆற்றுக்கு மேலே இருக்கிற ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வேறு கிளம்பி, ஆட்டோக்காரர்கள் யாரும் உள்ளே வர மாட்டேன் என்றார்கள். ஷீலா குழந்தையை அந்த வேட்டித் துணிகளிலேயே நாலு சுற்றுச் சுற்றி, பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஜெரூஷாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். குழந்தைக்குத் தண்ணீர் படக்கூடாது, குளிர் படக்கூடாது என்று அவள் இறுக்கி இறுக்கி அணைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குழந்தையின் மூக்கு அந்தத் துணிக்குள்தான் இருந்தது. பம்மல் மெயின் ரோட்டில் ஆட்டோ கிடைத்தது.

குரோம்பேட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. குழந்தையைப் படுக்கவைத்துத் துணியைப் பிரிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். துணியை எடுத்து மூக்கருகில் வைத்து முகர்ந்தார்.

"இதுல என்ன வச்சிருந்தீங்க?"

"சுத்தமான துணி மேடம். பாச்சா உருண்டை போட்டு, பூச்சி அரிக்காம பத்திரமா வெச்சிருந்தேன்" என்றாள் ஷீலா. அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டரம்மா துணிகளை எல்லாம் வெளியே எறியச் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் நீல விளக்குக்கு அடியில் போட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இருக்கிற ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். வேலையிலிருந்து நேராக ஓடிவந்த ஜெபகுமாரை உட்காரவைத்து டாக்டரம்மா விளக்கினார். சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு என்சைம் குறைவாக இருக்கும், சாதாரணமாக வெளியே தெரியாது. அவர்களுக்கு இந்த உருண்டையின் வாசனையே விஷம், ரத்த அணுக்கள் உடைந்துபோகும், மஞ்சள் தலைக்கேறிவிடும். உடம்பில் எண்ணெய் இருந்தால் இன்னும் வேகமாக உள்ளே இறங்கும்.

ஷீலா சுவரோரம் நின்றிருந்தாள். "தெனம் எண்ணெ தடவினேனே" என்று மட்டும் சொன்னாள்.

"யூரின் நிறத்தை எப்படிக் கவனிச்சீங்க?" என்று கேட்ட டாக்டரம்மா, துணியில் தெரிந்தது என்றதும் தலையசைத்தார். "டயப்பர் போட்டிருந்தா லேட்டாத்தான் தெரிஞ்சிருக்கும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிள்ளை இல்லை" என்றார்.

ஜெபகுமார் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். "பாத்தியாக்கா, உன்னாலதான் அவன் பொழைச்சான்" என்று அவள் தோளைத் தொட்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஷீலா அவன் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

பிள்ளை பிழைத்தான். நிறம் திரும்பி, பால் குடிக்க ஆரம்பித்து, வீட்டுக்கு வந்தான். அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னார். மஞ்சள் ரொம்ப ஏறிப்போனால் சில பிள்ளைகளுக்குக் காதைப் பாதிக்கும், அதனால் கொஞ்ச நாள் கழித்து வந்து காது டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்று. குழந்தை பிழைத்த சந்தோஷத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஷீலா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் லாஃப்ட்டைக் காலி செய்தாள். கவர் கவராக இறக்கிக் குப்பை வண்டியில் போட்டாள். மீதி இருந்த வேட்டிகளையும் அம்மாவின் புடவையையும் கடைசியாக எடுத்தாள். துவைத்து வைத்துக்கொள்ளேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்த வீட்டிலிருந்து வாசனை போய்விட்டது. இப்போது அவள் வருவது எங்களுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. திடீரென்று பக்கத்தில் நிற்பாள். பிள்ளைகளும் அத்தையைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டன.

ஜெரூஷா ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணி, சாப்பிடுங்க, அண்ணி, படுத்துக்கோங்க என்று முன்னை விட மரியாதையாகப் பேசினாள். ஆனால் டயப்பரை அவளே மாற்றினாள், எண்ணெயை அவளே எடுத்துப் பரணில் வைத்தாள். நாலு அறை அறைந்திருந்தால் ஷீலா பிழைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

போன வாரம் மாவு கொடுக்கப் போயிருந்தேன். மழை விட்டு வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. குழந்தை பாயில் படுத்துக் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தான். ஜெரூஷா சமையலறையில் இருந்தாள். ஷீலா குழந்தைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. குழந்தை அசையவில்லை.

"பாரேன், அதுக்குள்ள பழகிடுச்சு. அசல் அனகாபுத்தூர்க்காரன் ஆயிட்டான்" என்றேன். என் வாய் சும்மா இருக்காதே.

ஷீலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கையிலிருந்த மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து பாத்துகினு கீறேன்க்கா" என்றாள் மெதுவாக. "ஒரு பிளேனுக்குக்கூட தூக்கிப்போடலை. நீயும் பாரு. இன்னொண்ணு வரும்."

இரண்டு பேரும் குழந்தையின் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் சத்தம் கிளம்பி, நெருங்கி, தலைக்கு மேல் வந்தது. அலமாரியில் டம்ளர் ஒன்று ஓரத்துக்கு நகர்ந்து கீழே விழுந்து உருண்டது. ஷீலா கையைக் குழந்தையின் நெஞ்சுக்கு மேலே, தொடாமல், நீட்டி வைத்திருந்தாள். அந்தச் சின்ன விரல்கள் மடங்கியது மடங்கினபடி இருந்தன. விமானம் போய்விட்டது.

"டம்ளர் சத்தத்துல முழிச்சிட்டானா அண்ணி?" என்று உள்ளேயிருந்து ஜெரூஷா கேட்டாள்.

ஷீலா நீட்டிய கையை எடுக்கவில்லை.

"இல்லம்மா. நல்லாத் தூங்கறான்."